கையெழுத்து இல்லையென்றால் தேதி இல்லை

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். கேமரா பையைச் சுமந்து சுமந்து என் வீட்டுக்காரருக்கு இடது தோள் மட்டும் இறங்கிவிட்டது. சட்டைக்கு அளவெடுக்கும்போது தையல்காரர் சிரிக்கிறார். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? விடுதி மாடிப்படி ஏறி இறங்குவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

முக்கியமான விஷயமென்றால் போன் கூடாது, கடிதம்தான் என்று நீ போட்ட சட்டப்படி எழுதுகிறேன். போனில் நான் குறுக்கே குறுக்கே பேசுகிறேனாம். சரி, இப்போது நீ குறுக்கே பேச முடியாது. கேள்.

போன கல்யாண சீசனில் ஒரே தேதியில் இரண்டு வீடுகளுக்கு ஒப்புக்கொண்டு நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஒன்று நான் ஒப்புக்கொண்டது. இன்னொன்று, முடிவெட்டும் கடையில் யாரோ கேட்டதற்கு இவர், "ஆமாங்க, வந்துடறோம்" என்று தலையாட்டிவிட்டு வந்தது. 'இல்லை' என்ற சொல் அவர் நாக்கில் வராது. ஒரு வீட்டில் மணப்பெண் மண்டபத்துக்குள் நுழைந்தபோது நான் அடுத்த வீட்டில் மாப்பிள்ளையின் மாமாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இன்றும் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறாள். இன்னொரு முறை இப்படி நடந்தால் ஸ்டுடியோவை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதனால் புது ஏற்பாடு. வாடிக்கையாளர் போனுக்கு ஒரு லிங்க் போகும். திறந்தால் ஒப்பந்தம். படித்துவிட்டு, போனுக்கு வரும் எண்ணைத் தட்டி, விரலால் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட நிமிஷமே காலண்டரில் அந்தத் தேதி பூட்டிக்கொள்ளும். கையெழுத்துப் போட்டவரே ரத்து செய்தால்தான் பூட்டு திறக்கும். நானோ இவரோ கை வைக்க முடியாதபடி அமைத்திருக்கிறேன். யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்து இல்லையென்றால் தேதி இல்லை. சொந்தக்காரர், சிநேகிதர், யாராக இருந்தாலும்.

சோதனைக்கு முதல் ஒப்பந்தத்தை உனக்கு அனுப்பியிருக்கிறேன். நிகழ்ச்சி: பதிவுத் திருமணம். தேதி: வாய்க்கு வந்த தேதி, செப்டம்பர் 14. மணமகள்: நீ. மாப்பிள்ளை பெயர் எழுதும் கட்டத்தில் 'இனிமேல்தான் தேட வேண்டும்' என்று போட்டிருக்கிறேன். அடிக்க வராதே. கையெழுத்துப் போட்டு அனுப்பு, வேலை செய்கிறதா பார்க்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலு


பிப்ரவரி 22

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். தம்பியின் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சிரிக்கிற தையல்காரரை மாற்று.

உன் லிங்க் வந்தது. வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. வந்த வரன்களையெல்லாம் வாசலோடு அனுப்பிவைத்து, நாற்பத்தெட்டு வயதுவரை நிம்மதியாக இருக்கிறவளுக்குச் சோதனைக் கல்யாணமா? உனக்கு விளையாட வேறு ஆள் கிடைக்கவில்லையா?

அது போகட்டும். இந்த விடுதி வேலைக்கு வருமுன் உன் ஸ்டுடியோ முன்மேசையில் நான் எட்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முகத்தைப் பார்த்துப் பேசுவேன். வாயால் சொன்னதை யாரும் மாற்றிப் பேசியதில்லை. பேசினால் என்னிடம் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நீயோ சொந்தக்காரர்களிடமே கையெழுத்துக் கேட்கப் போகிறாய். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்களா? அதுவும் என்ன கையெழுத்து! மழை நாளில் பஸ் ஜன்னலில் குழந்தைகள் விரலால் கிறுக்குவார்களே, அந்த மாதிரி. துடைத்தால் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, உன் ஒப்பந்தத்தின் எழுத்து எறும்பு சைஸில் இருக்கிறது. படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். கண்ணாடி மாற்றி நாளாகிவிட்டது, மாற்றிவிட்டுப் படிக்கிறேன். அதுவரை உன் சோதனை காத்திருக்கட்டும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம். தையல்காரரை மாற்றவில்லை, அவர்தான் இப்போது இடது தோளில் பஞ்சு வைத்துத் தைக்கிறார்.

கையெழுத்துக் கேட்டால் மரியாதைக் குறைவு என்கிறாய். உன் விடுதிப் பெண்கள் எதிர்க்கடைக்குச் சோப்பு வாங்கப் போனாலும் போன நேரம், வந்த நேரம் போட்டுக் கையெழுத்து வாங்குகிற வார்டன் யார்? அவர்கள் முகத்தை மட்டும் நீ பார்ப்பதில்லையா? காதில் பூச்சுற்ற வேறு ஆளைப் பார்.

இங்கே ஏற்பாடு நடக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். அடுத்து இவருடைய பால்ய சிநேகிதர். "என்னடா, எங்கிட்டயே கையெழுத்தா?" என்று எகிறினார். இவர் வழக்கம்போல, "ஆமாம்... இல்ல... நீ ஒண்ணும் போட வேணாம்டா" என்று குழைந்தார். நான் குறுக்கே போய், "அண்ணே, நீங்க போடாம போனா, நாளைக்கு வேற யாராவது போட்டு உங்க தேதியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் இவரைத் திட்டிப் புண்ணியமில்ல" என்றேன். மறுபேச்சு இல்லாமல் போட்டார். அதோடு விட்டாரா, தன் தம்பி கல்யாணத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போனார். தம்பிக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை.

அக்கா, எனக்கு இது பிடித்திருக்கிறது. போன வருஷம் போன் அடித்தாலே எந்தத் தேதியை எவரிடம் தாரை வார்த்திருக்கிறாரோ என்று எடுக்காமலே விட்டுவிடுவேன். இப்போது தைரியமாக எடுக்கிறேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு சீக்கிரம் கையெழுத்துப் போடு. முதல் பெயர் உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், பல் டாக்டர் முந்திவிட்டார்.

அன்புடன்,
வாலு


மார்ச் 25

அன்புள்ள வாலுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். விடுதிப் பெண்கள் கையெழுத்துப் போடுவது அவர்கள் பத்திரத்துக்காக. அது வேறு, இது வேறு. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசாதே.

கண்ணாடி மாற்றியாகிவிட்டது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் கடை இருக்கிறது. சுவர் முழுக்க ஃபிரேம்கள், நடுவே ஒரு முக்காலி. கடைக்காரரே கண்ணைப் பரிசோதிக்கிறார். சுவர் அட்டையில் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். "அது எனக்கு மனப்பாடமாயிடுச்சு, இதைப் படிக்கணும், அதுக்கு ஏத்த மாதிரி கண்ணாடி குடுங்க" என்று உன் ஒப்பந்தத்தை நீட்டினேன்.

மனிதர் போனை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தார். அவசரமே இல்லை. 'தவிர்க்க இயலாத இயற்கைச் சூழல்களில்' என்று வந்த இடத்தில் நிறுத்தி, "மழை பெய்ஞ்சா என்ன பண்ணுவாங்கன்னு நேராச் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எட்டு வருஷம் முன்மேசையில் இருந்தும் தெரியவில்லை! எழுத்தைப் பெரிதாக்கச் சொல், ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பில் ஒரு வரியில் விஷயத்தைச் சொல்லச் சொல் என்கிறார். மாப்பிள்ளைக் கட்டத்தைப் படித்தபோது மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உன்னால் எனக்கு அந்த மானக்கேடு வேறு.

புதுக் கண்ணாடி போட்டு நானும் ஒரு முறை படித்தேன். அங்கேயே கையெழுத்துப் போட்டேன். முதலில் மண்புழு மாதிரி வந்தது. "இது என் கையெழுத்தே இல்ல" என்றேன். "நீங்க போட்டது, நீங்க ஒத்துக்கிட்டுப் போட்டது. அப்புறம் வேற யாருது?" என்றார். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் பட்டது.

வந்து சேர்ந்ததா, சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

சௌக்கியம். உன் மண்புழு பத்திரமாக வந்து சேர்ந்தது. எங்களிடம் ஒரு பிரதி, உன்னிடம் ஒரு பிரதி. இரண்டையும் யாராலும் துடைக்க முடியாது, பஸ் ஜன்னல் இல்லை இது.

கண்ணாடிக்காரருக்கு என் நன்றியைச் சொல். அவர் சொன்னபடியே மாற்றிவிட்டேன். எழுத்து இப்போது தட்டு சைஸ். 'மழை வந்தால்' என்று தலைப்புப் போட்டு, 'உள்ளே எடுப்போம், அல்லது நீங்கள் சொல்லும் வேறு நாளில் வந்து எடுப்போம்' என்று எழுதினேன். 'படம் எப்போது கைக்கு வரும்', 'நீங்கள் மனம் மாறினால்', 'நாங்கள் தவறு செய்தால்' என்று எல்லாமே அப்படித்தான். கடைசித் தலைப்பை எழுதும்போதுதான் நாங்கள் தவறு செய்தால் என்ன செய்வோம் என்று நாங்களே முதல் தடவையாக யோசித்தோம்.

போன வாரம் ஒரு பெண்ணும் பையனும் கடைக்கு வந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு படித்தார்கள். "மனம் மாறினால்னு போட்டிருக்கே, நீ மாறுவியா?" என்று அவன் கேட்டான். அவள் அவன் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைத்தாள். நான் கேமராவை எடுப்பதற்குள் அந்த நேரம் போய்விட்டது.

இந்தச் சீசன் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு மோதல்கூட இல்லை. இவர் முடிவெட்டும் கடைக்குப் போகும்போதெல்லாம் "லிங்க் அனுப்பச் சொல்றேங்க" என்று சொல்லப் பழகியிருக்கிறார்.

அன்புடன்,
வாலு


மே 8

அன்புள்ள வாலுக்கு,

நலமே. கடை நன்றாக நடப்பது கேட்டுச் சந்தோஷம். உன்னிடம் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன்: உன் ஏற்பாடு பரவாயில்லை.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. கண்ணாடியின் கால் அடிக்கடி தளர்ந்துபோகிறது, அதை முறுக்க அந்தக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு வந்து பெண்கள் எல்லாருடைய கண்ணையும் இலவசமாகப் பார்த்துக் கொடுத்தார். பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை. வரும்போது வாசல் நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னேன். திரும்பும்போது நான் சொல்லாமலே போன நேரத்தையும் போட்டுவிட்டுப் போனார். ஆண்களில் அப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறதாம். ஒரு மகள், வெளியூரில் படிக்கிறாள். சமையல் அவரே. உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறார்.

முழங்காலுக்கு அவர் சொன்னபடி காலையில் பூங்காவில் நடக்கிறேன். வலி குறைந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். கையெழுத்துப் போட்ட தேதி, யாரும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தாலும், அப்படியே நிற்குமா? வாடிக்கையாளர் விரும்பினால் கட்டங்களில் பிறகு ஏதாவது சேர்க்க முடியுமா? பொதுவாகத்தான் கேட்கிறேன். விடுதி அறைகளுக்கும் இப்படி ஒன்று செய்யலாமா என்று ஒரு யோசனை.

தம்பியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்கா,

நலம், அவசரம். நீ கேட்டதற்கு முதலில் பதில்: தேதி நிற்கும், மலை மாதிரி நிற்கும். கட்டங்களில் சேர்க்கலாம், சேர்த்தால் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும்.

தேதி அப்படி நிற்பதுதான் இப்போது என் தலைவலி. இந்த ஊரின் பெரிய ஓட்டல்காரர் வீட்டுக் கல்யாணம் எங்களைத் தேடி வந்திருக்கிறது. பல் டாக்டர் வீட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவே நேரில் வந்தார். கடை வாசலில் அவ்வளவு பெரிய கார் நின்றதில்லை. அவர்கள் வீட்டு ஆல்பத்தில் எங்கள் பெயர் இருந்தால், இனிமேல் நான் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். போன வருஷக் கெட்ட பெயரும் அதோடு கழுவிக்கொண்டு போய்விடும். இவர் என் பின்னால் நின்று தலையை ஆட்டிக்கொண்டே, "ஆமாங்க, ஆமாங்க" என்கிறார்.

லிங்க் அனுப்பப் போனால், தேதி பூட்டியிருக்கிறது. செப்டம்பர் 14. யார் என்று பார்த்தால் நீ! அந்தச் சோதனை ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்ல நான் மறந்தே போயிருக்கிறேன். வாய்க்கு வந்த தேதியைப் போட்டேனே, அது இப்படியா வந்து நிற்க வேண்டும்?

உன் போனுக்கு ரத்து லிங்க் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை விரலை வை, போதும். அந்த அம்மாவுக்கு இந்த மாத நடுவில் பதில் சொல்ல வேண்டும்.

அவசரத்தில்,
வாலு


ஜூன் 11

வாலுக்கு,

நலம். நீ போனில் கேட்டபோது கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபப்பட்டிருப்பாய்.

அதை நான் ரத்து செய்யப் போவதில்லை. அந்தத் தேதி எனக்கு வேண்டும். காரணத்தை இப்போது என்னால் சொல்ல முடியாது. இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்காதே.

உன் கடைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாமல் எழுதவில்லை. நீயும் தம்பியும் வேறு ஏதாவது வழி பார்த்து அதை அழித்துவிட்டாலும் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நானாகச் செய்ய மாட்டேன், அவ்வளவுதான்.

அக்கா


ஜூன் 20

அக்கா,

நாங்கள் நலமா என்று நீ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேசை டிராயருக்குள் எறிந்தேன். அவ்வளவு கோபம். முன்மேசையில் எட்டு வருஷம் உட்கார்ந்தவள், இந்தக் கடை எப்படி எழுந்து நின்றது என்று கூடவே இருந்து பார்த்தவள், காரணம் சொல்லாமல் தேதியைப் பிடித்துவைத்திருக்கிறாய். அப்படி யாருக்கு என்ன வாக்கு?

இந்த ஏற்பாட்டை நடத்துகிற கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிய பையன் சிரித்தான். "மேடம், நீங்கதானே ஓனர்? ஒரு மெயில் போடுங்க, நாங்க பின்னாடியிருந்து அழிச்சிடறோம். அது சோதனைக்குப் போட்டதுதானே?" என்றான். மெயிலை எழுதியும் விட்டேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

விரல் போகவில்லை, அக்கா. சோதனைக்குப் போட்டதென்று எனக்குத் தெரியும். ஆனால் நீ படித்துவிட்டுப் போட்டாய். இங்கே இத்தனை பேரும் கையெழுத்துப் போட்டது, யார் வந்து கேட்டாலும் அந்தத் தேதியை நான் தூக்கிக் கொடுக்க மாட்டேன் என்று நம்பித்தானே? பெரிய கார் வந்ததும் உன்னுடையதை அழித்தால், நாளைக்கு அதைவிடப் பெரிய கார் வரும்போது அந்தத் தலைமுட்டி ஜோடியின் தேதியையும் அழிப்பேன். அப்புறம் எதற்கு இந்த ஏற்பாடு? இவருடைய தலையாட்டலே போதுமே.

அந்த அம்மாவின் போன் வந்தபோது எடுத்து, 'வணக்கம்' மட்டும் சொன்னேன். என் கையிலிருந்து போனை இவர் வாங்கினார். "இல்லைங்க" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "அந்தத் தேதிக்கு வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"எங்களை விடப் பெரிய இடமா?"

"பெரிய இடமெல்லாம் இல்லைங்க. முதல்ல போட்டவங்க."

போனை வைத்துவிட்டு, வேர்த்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. நான் அழுதேன். ஓட்டல் வீடு போனதற்கா, உன் மேலிருந்த கோபத்துக்கா, அவர் 'இல்லை' சொன்னதற்கா, தெரியவில்லை.

தேதி உன்னுடையது. காரணம் உன்னிடமே இருக்கட்டும். எப்போதாவது சொல்லத் தோன்றினால் சொல்.

வாலு


ஜூலை 16

என் தங்கமே,

நலமாக இருக்கிறாயா? தம்பி நலமா? அவர் தோள் நலமா? நீ கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நான் மிக மிக நலம்.

இவ்வளவு நாள் நான் பதில் போடாததற்குக் காரணம், உன் கடிதத்தைப் படித்த பிறகு பொய்யாக ஒரு வரிகூட எழுத முடியவில்லை. உண்மையை எழுத அனுமதி இல்லை. அவருடைய மகள் விடுமுறைக்கு வந்து, அவளிடம் நேரில் சொல்லி, அவள் சரி என்ற பிறகுதான் வேறு யாருக்கும் சொல்வது என்று பேசியிருந்தோம். அம்மா இருந்த இடம் அது, அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் ஊருக்குத் தெரியக் கூடாது. போன வெள்ளிக்கிழமை வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்பா சமையல்ல உப்பு ஜாஸ்தியாயிருந்தா வாய்விட்டுச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். "முதல் நாளே சொல்லிட்டேன்" என்றேன். "அப்ப சரி, எனக்கு நிம்மதி" என்றாள்.

யார் என்று இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடியின் கால் ஒருபோதும் தளரவில்லை. நானேதான் தளர்த்திக்கொண்டு போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தாயானால் தொலைத்துவிடுவேன்.

மே மாதக் கடைசியில் பூங்காவில் நடக்கும்போது அவர்தான் கேட்டார். நான் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டேன். "உங்க தங்கச்சி ஒப்பந்தத்துல மாப்பிள்ளைக் கட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எப்படி வேண்டாம் என்று சொல்வது? எந்தத் தேதி வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட தேதி ஒன்று இருக்கிறதே என்றேன். சில நாள்களில் உன் அவசரக் கடிதம் வந்தது. வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று அவர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. எத்தனையோ பேரை வேண்டாம் என்று அனுப்பியவள், முதல் முறையாக ஒன்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதை ஒரு காருக்காக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சுயநலம்தான். ஆனால் நீ அழித்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். அழித்திருந்தால் வேறு நாளில் செய்துகொண்டிருப்போம், உன்னிடம் சொல்லியிருக்கவும் மாட்டேன். நீ அழிக்கவில்லை. காரணம் தெரியாமலே அதைக் காவல் காத்தாய். அந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பஸ் ஜன்னல் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை பெயர் எழுதும் கட்டத்தை மாற்றி லிங்க் அனுப்பு, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். இன்னும் ஒரு திருத்தம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் 'முதன்மைப் புகைப்படக்காரர் நிகழ்ச்சி முழுவதும் கேமராவுடன் இருப்பார்' என்று இருக்கிறது, அங்கே உன் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிடு. பதிவு அலுவலகத்தில் என் பக்கம் சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும். உன்னைத் தவிர வேறு யாரையும் நான் நிற்கவைக்க மாட்டேன். அங்கே விரல் செல்லாது, பேனாவால் போட வேண்டும்.

உன்,
அக்கா


ஜூலை 24

என் அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைத் தபால்காரர் முன்னாலேயே பிரித்துப் படித்து, நான் கத்திய கத்தலில் அவர் பையைக் கீழே போட்டுவிட்டார்.

சிரித்தேன். தொலைக்க வா.

ஓட்டல் வீட்டுக்கு வேறு ஸ்டுடியோ போகிறது. வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய், கொஞ்சம் இருந்தது. உன் கடிதம் வரும்வரை இருந்தது. அந்த மெயிலை மட்டும் அனுப்பியிருந்தால் என்று நினைத்து, நேற்றும் ஒரு தடவை அது போகவில்லையே என்று பார்த்துக்கொண்டேன். இனிமேல் எவ்வளவு பெரிய கார் வந்தாலும் எனக்குப் பயமில்லை, அக்கா. கையெழுத்தைக் காட்டி அனுப்பிவிடுவேன்.

திருத்திய ஒப்பந்தம் இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே உன்னிடம் வந்துவிட்டது, இரண்டு கையெழுத்தும் திரும்பி வந்துவிட்டன. அத்தானுடையது கட்டத்தை விட்டு வெளியே போகிற அளவுக்குப் பெரிதாக இருக்கிறது. அத்தான் என்று எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. நேரில் கூப்பிடும்போது வெட்கப்படாமல் இருக்கச் சொல்.

'இனிமேல்தான் தேட வேண்டும்' என்ற வரியை நானே அழித்தேன். இந்த ஏற்பாட்டில் நான் சந்தோஷமாக அழித்தது அது ஒன்றுதான்.

சாட்சிக்குப் புதுப் பேனா வாங்கிவிட்டேன். எல்லாரையும் விரலால் போடவைத்து எனக்கே பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. பழைய காகிதத்தில் என் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். மண்புழு மாதிரிதான் வருகிறது. செப்டம்பருக்குள் சரியாகிவிடும்.

கேமரா இவர் கையில். "நான் சாட்சி நிக்கும்போது, அக்கா கையெழுத்துப் போடற அந்த நேரத்தைத் தவற விடாம எடுத்துடுவீங்களா?" என்று கேட்டேன். "ஆமாம்" என்றார். இந்த ஒரு ஆமாமுக்கு மட்டும் நான் லிங்க் அனுப்பவில்லை.

உன்,
வாலு